நைனா வாயைத் திறக்காத சனிக்கிழமை

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஊருக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நைனா, அதாவது என் அப்பா, வாயைத் திறந்து காட்டுவார். தொண்டை தெரிகிற அளவுக்கு, நன்றாக. நான் தோள்பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே பார்ப்பேன். முதலில் நாக்கு, பிறகு இடது கன்னத்தின் உட்புறம், பிறகு கீழ்ப்பல் வரிசை. பார்த்து முடித்து "சரி" என்று நான் சொன்ன பிறகுதான் அவர் வாயை மூடுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி இதைப் பார்த்துவிட்டு, நான் பல் டாக்டருக்குப் படிக்கிறேன் என்று நினைத்துத் தன் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்துவிட்டார்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். சித்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன். அப்போது நைனாவின் கூட்டாளி ஒருவர் வாய்ப்புற்றுநோயால் இறந்துபோனார். நகரியில் எங்கள் வீட்டை ஒட்டி நைனாவுக்கு நான்கு விசைத்தறிகள். அடுத்த தறிக் கொட்டாய் அந்தக் கூட்டாளியுடையது. தறி ஓடும்போது பஞ்சுத் தூசி தொண்டையில் போய் அடையும். வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டால் தூசியும் தெரியாது, தூக்கமும் வராது என்று இருவரும் நம்பினார்கள். ஒரே கடையில் வாங்கி, ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இடுப்பு வேட்டியில் செருகி வைத்திருப்பார்கள்.

காரியம் முடிந்து நான் விடுதிக்குக் கிளம்பும்போது நைனாவிடம் நீளமாக எதுவும் பேசவில்லை. "இனிமே நான் வரப்பல்லாம் வாயைத் தொறந்து காட்டணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "காட்டுனா போச்சு" என்றார். அடுத்த முறை வந்தபோது பற்கள் சிவப்பாகத்தான் இருந்தன, ஆனால் புகையிலை வாசனை இல்லை. அதற்கடுத்த முறை சிவப்பும் மங்கியிருந்தது. எப்படி விட்டார், எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் திறப்பார், நான் பார்ப்பேன். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

இப்போது திருப்பதியில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி, ஊருக்கு வெளியே உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சர்க்யூட் போர்டுகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ் வைத்து, அதில் இருக்கக்கூடாத எதுவும் இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு. தூசி, முடி, ஈயத் துளி, உடையிலிருந்து உதிர்ந்த இழை. கோளாறு என்று ஒன்று வந்தால் எங்கள் பிரிவில் யாரும் பதறுவதில்லை. காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவோம். எதை அடிக்க முடியவில்லையோ அதுதான் காரணம். இந்தப் பழக்கம் எனக்கு வேலைக்கு வெளியேயும் வந்துவிட்டது. சில நேரம் உதவும்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வந்து செருப்பைக் கழற்றினேன். நைனா வாசலில்தான் நின்றிருந்தார்.

"பஸ்ஸு கெடைச்சுதா?" என்று உதட்டை அதிகம் பிரிக்காமல் கேட்டார்.

"கெடைச்சுது நைனா."

தலையை ஆட்டிவிட்டுக் கொட்டாய்ப் பக்கம் போய்விட்டார். நான் தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வருகையை முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தால் அவர் திறந்து காட்டுவார் என்பதுபோல.

கொட்டாய்க்குள் போனேன். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே பேச்சு காதில் விழாது. அதனால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் குரல் இல்லாமல் பேச வரும். உதட்டை மட்டும் நன்றாக அசைத்துச் சொன்னால் கொட்டாயின் அந்தக் கோடியில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். அம்மாவும் நைனாவும் சண்டை போடுவதுகூட அப்படித்தான். சின்ன வயதில் அவர்கள் சண்டையை நான் கேட்டதே இல்லை, பார்த்திருக்கிறேன். அம்மா ஒரு மூலையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் ஏற்றும் வேலை அது. என்னைப் பார்த்ததும் உதட்டால் பேசினாள்.

"உங்க நைனா காட்டுனாரா?"

"இல்ல. இன்னா ஆச்சு?"

"தெரியல. வியாழக்கெழமையிலருந்து இப்டித்தான் கீறாரு. வாயே தொறக்கறதில்ல. எங்கிட்டயும் கையாலதான் பேசறாரு."

திரும்பிப் பார்த்தேன். நைனா தறிக்கு முன்னால் நின்று, அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார். அந்த மாதம் பச்சைக் கரை வேட்டி ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் பச்சை நூல் துணுக்கு. அம்மாவின் கொண்டையில், தண்ணீர்க் குடத்தின் மூடியில், என் சுடிதார் ஓரத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். திருப்பதி விடுதியில் என் தலையணையில்கூட ஒன்று கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நைனாவின் இடது தாடை லேசாகப் புடைத்திருந்தது. முகத்தை எங்களிடமிருந்து திருப்பியே வைத்திருந்தார்.

நான் மனதுக்குள் வரிசை போட ஆரம்பித்தேன். ஒன்று, பல் தேய்க்கும்போது ப்ரஷ் குத்தியிருக்கலாம். இரண்டு, மீன் முள். மூன்று, சொத்தைப் பல். நான்காவதை எழுதாமல் விட்டேன். எழுதாவிட்டாலும் அது அங்கே இருந்தது: இடது கன்னம், கீழ் வரிசை, புகையிலையை அதக்கி வைக்கும் அதே இடம்.

மாலையில் அது வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. நான் டீ எடுத்துக்கொண்டு கொட்டாய் வாசலுக்கு வந்தபோது நைனா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். இடுப்பிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து, இரண்டு விரலால் எதையோ கிள்ளி வாயில் வைத்தார். உடனே முகம் சுளித்து, வைத்ததைத் துப்பிவிட்டு, டப்பாவை மூடித் தறியின் மேல் சட்டத்தில் வைத்தார். தறிச் சத்தத்தில் மூடி அழுந்திய ஓசை எனக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டது.

டப்பாவை அவர் தூக்கி எறிந்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் சாப்பிடப் போனபோது டப்பா என் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. திறந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. அவராகத் திறந்து காட்டுவதும் நானாகத் திறந்து பார்ப்பதும் ஒன்றல்ல. ஒருமுறை நானாகத் திறந்துவிட்டால், உள்ளே என்ன இருந்தாலும் சரி, அதற்குப் பிறகு வாசலில் அந்த 'ஆ' இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கியிருந்தார்கள். நைனா கோழியைத் தொடவில்லை. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, வலது பக்கமாகவே ஒதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்திருந்தாள், நைனாவின் தங்கை. வந்ததும் அண்ணனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, வாயில கோழி முட்டையை அட காக்கறியா?"

நைனா கையை ஆட்டினார்.

"கையை ஏன் ஆட்டற, நான் இன்னா தறியா? வாயைத் தொறந்து சொல்லு."

"சூடு" என்றார் நைனா, பல்லைப் பிரிக்காமல்.

"சூடாம் சூடு. வெளியில மழை ஊத்திக்கினு கீது, இவுருக்கு சூடு." அத்தை என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, நீ பாத்தியா உள்ள? எனக்கென்னமோ பழைய வேலையை ஆரம்பிச்சிட்டாருன்னு தோணுது."

"அவரு வுட்டது உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. சட்டென்று சொன்னாள். ஆனால் சொல்லும்போது அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"வுட்டவங்கதான் திரும்பப் பிடிப்பாங்க. வுடாதவங்க எப்டிப் பிடிப்பாங்க?"

நைனா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அத்தை அவர் வைத்துவிட்டுப் போன கோழித்துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டே, "கல்லுப்பு போட்டு வாய் கொப்பளிக்கச் சொல்லு. நாளைக்கும் எறங்கலன்னா கூட்டிக்கினு போயிடு, சொல்லிட்டேன்" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. காரம் என்றாள்.

அன்று பிற்பகல் மின்சாரம் போனது. தறி நின்றதும் கொட்டாயில் விழும் அமைதி வேறு எங்கும் கேட்காத ஓர் அமைதி. அதில் எங்கள் வீட்டு ஆட்கள் கொஞ்சம் தடுமாறுவோம். யாருக்கும் குரலின் அளவு தெரியாது. நைனா தறிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். கைப்பேசியின் விளக்கைப் போட்டேன்.

"காட்டு நைனா."

"வாணாம் பாப்பா."

"ஏன்?"

ஓடாத தறியின் மேல் கையை வைத்துக்கொண்டு, மின்சாரம் வந்துவிடாதா என்று பார்ப்பதுபோல மேலே பார்த்தார். வரவில்லை. பிறகு மெதுவாகத் திறந்தார், பாதி அளவுக்கு.

கீழ்வரிசையில் கடைவாய்ப் பல்லுக்கும் அதற்கு முந்தைய பல்லுக்கும் நடுவில் ஈறு தடித்துச் சிவந்து, ஒரு புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு வீங்கியிருந்தது. ஓரத்தில் வெளுப்பு. அவர் மூச்சில் கிராம்பு வாசனை. வலிக்கு வைத்த கிராம்பா, வேறு வாசனையை மறைக்க வைத்த கிராம்பா என்று தெரியவில்லை. நாளெல்லாம் கோளாறு பார்க்கும் கண் எனக்கு. அந்த வெளுப்புக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி" என்றேன், வழக்கப்படி. அது சரி இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. "நாளைக்கு என்கூட வா. திருப்பதியில காட்டலாம்."

"தறி?"

"தறி அங்கியேதான் இருக்கும்."

திங்கட்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலைப் பேருந்தில் கிளம்பினோம். நைனா ஜன்னலோரம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. புத்தூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வடமாலபேட்டை சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையில் நின்றன. எங்கள் பேருந்து ஊர்ந்தது. டிரைவர் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் நைனா பேச ஆரம்பித்தார். சத்தம் இருந்தால் அவருக்குப் பேச வரும்.

"பக்கத்துக் கொட்டாய்க்காரன், அவனுக்கும் இங்கதான் பாப்பா ஆரம்பிச்சுது." இடது தாடையைத் தொட்டுக் காட்டினார். "மொதல்ல எனக்குத்தான் காட்டுனான். அரிசி அளவுக்கு இருந்துது. சூட்டுக் கொப்புளம், போயிடும்னு நான்தான் சொன்னேன்."

நான் அவர் தொட்டுக் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதான் உனக்குக் காட்டல. நீ பாத்தா டாக்டரண்ட போலாம்னு சொல்லுவ. டாக்டரு பாத்தா அதுக்கு ஒரு பேரு வச்சிடுவாங்க. காட்டாத வரிக்கும் அது வெறும் புண்ணு."

டப்பாவைப் பற்றிக் கேட்க அதுதான் சரியான நேரமாக இருந்திருக்கும். வாய் வரை வந்தது. ஆனால் அவர் உள்ளங்கைகள் இரண்டும் முழங்கால்மேல் மல்லாந்து கிடந்தன, எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பதுபோல. நான் ஒரு கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தறிக்காரர்களின் கை, விரல் நுனிகள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போகும் பக்தர்கள் இரண்டு மூன்று பேர் முன் இருக்கையில் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நைனாவும் ஒரு கையால் கும்பிட்டார். மற்றொன்று என்னிடம் இருந்தது.

பல் மருத்துவமனை ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. டாக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். நைனாவைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு மேல் விளக்கை இழுத்தார்.

"நோரு தெரவண்டி."

வாயைத் திறக்கச் சொன்னார். நைனா முதலில் என்னைப் பார்த்தார். எனக்கல்லாமல் வேறொருவருக்கு அவர் வாயைத் திறப்பதை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு நாக்கின் அடி, கன்னம், அண்ணம் என்று எல்லா இடமும் பார்த்தார். பழைய கறை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியை வெளியே எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பொகாகு அலவாட்டு உந்தா?"

புகையிலைப் பழக்கம் உண்டா என்ற அந்தக் கேள்வி எனக்கும் நைனாவுக்கும் நடுவில் மூன்று நாளாக இருந்த கேள்வி. நைனா டாக்டரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை.

"உண்டேதி. மானேசானு."

இருந்தது, விட்டுவிட்டேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் டாக்டரின் தட்டில் இருந்த கருவிகளைப் பார்த்தேன். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. டப்பாவில் இரண்டு விரல் போனதை நான் பார்த்திருந்தேன்.

டாக்டர் ஈறின்மேல் மரத்துப்போகும் மருந்தைத் தடவி, சிறிது நேரம் பொறுத்து, ஒரு ஊசியும் போட்டார். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். வளைந்த முனையுள்ள மெல்லிய கருவியால் வீக்கத்தின் ஓரத்தை மெதுவாக விலக்கினார். கொஞ்சம் சீழும் இரத்தமும் வந்தது. பிறகு அவர் கை நின்றது.

"லோபல, உள்ள, ஏதோ இருக்கு" என்றார், பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக. சென்னையில் படித்தவர் என்று பிறகு தெரிந்தது. "அசையாதீங்க."

சின்னக் கிடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. ஒரு விரல் நக நீளத்துக்கு வந்ததும் முடிந்தது. வெள்ளைப் பஞ்சின்மேல் வைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

பச்சை.

இரத்தம் தோய்ந்திருந்தாலும் அந்தப் பச்சையை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் தலையணையில் கிடந்த பச்சை.

"இதி நூல்தானே? நூல் எப்படி ஈறுக்குள்ள போச்சு?"

நைனாவின் பாதி வாய் மரத்துப்போயிருந்தது. எழுந்து உட்கார்ந்து, வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, பஞ்சை உற்றுப் பார்த்தார்.

"கரை நூலு" என்றார்.

பிறகு சொன்னார். புகையிலையை விட்ட பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. பாக்கு வைத்தால் பழையபடி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். கையில் எப்போதும் இருப்பது நூல். ஒரு துண்டை அறுத்து வாயில் போட்டுக்கொள்வார், கடிப்பார், பல்லுக்கு நடுவில் விட்டு இழுப்பார், துப்புவார். தறியில் நிற்கும் நேரமெல்லாம் இதுதான்.

"மொதல்ல பருத்தி நூலு மேடம். வெடுக்குனு இழுத்தா அதுவே அறுந்துடும், வாய்க்கு ஒண்ணும் ஆவாது. இப்ப கரைக்குப் பாலிஸ்டர் நூலு குடுத்துட்டாங்க. இது அறாது."

"ஈறுதான் அறும்" என்றார் டாக்டர்.

"ஆமா மேடம்."

டாக்டர் சிரித்துவிட்டார். சின்னப் புண்தான், நூல் உள்ளேயே தங்கியதால்தான் வீங்கியிருக்கிறது, ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், மெதுவான ப்ரஷ், இரண்டு நாள் காரம் வேண்டாம். வாயில் வேறு எந்த இடத்திலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் பழைய பழக்கம் இருந்தவர் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். நான் எல்லாவற்றையும் வரிசையாகக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். முடித்துப் பார்த்தால் உப்பு என்பது இரண்டு முறை விழுந்திருந்தது.

நைனா நாற்காலியிலிருந்து இறங்கியதும், "அந்த நூலைக் குடுங்க மேடம்" என்றார்.

"எதுக்கு?"

"ஊட்ல காட்டணும். என் தங்கச்சி ஒருத்தி கீறா."

டாக்டர் பஞ்சோடு மடித்துக் கொடுத்தார். நைனா அதைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

கீழே மருந்துக்கடையில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் வாங்கினேன். நைனா அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து ஒரு முழம் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலுக்கு நடுவில் உருட்டி, முகர்ந்து பார்த்தார்.

"இதுல முறுக்கே இல்ல பாப்பா. மெழுகு பூசி வச்சிக்கீறான். இத தறியில நீள நூலா, பாவுல போட்டா காலைலருந்து சாயங்காலம் வரிக்கும் தாங்காது."

"பாவுல போடறதுக்கில்ல நைனா."

"தெரியும். சொல்றேன்."

பேருந்து நிலையத்தில் நகரி வண்டி புறப்பட நேரம் இருந்தது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றோம். எதிரே பூ விற்பவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், சந்தன வாசனை. நான் கேட்டேன்.

"சனிக்கெழம டப்பாவுலருந்து எடுத்து வாயில வச்சியே."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நூலுதான். அளவா வெட்டிப் போட்டு வச்சிக்கீறன். வச்சிப் பாத்தேன், உயிரே போச்சு. துப்பிட்டேன்." பாதி உதட்டால் சொல்வதால் ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாக வந்தது. "அதுல இன்னா கீதுன்னு நீ நெனச்சே?"

நான் எதிரே இருந்த பூக்களைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. மரத்துப்போகாத பக்கத்தால் சிரித்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல நைனா?"

"நீ வாயைத்தான காட்டச் சொன்ன. டப்பாவைக் காட்டச் சொல்லலயே."

வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவர் எஞ்சினைப் போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் உதடுகள் அசைந்தன. இடது பக்கம் அசையவில்லை. வலது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு படித்தேன். போய்த் துன்னு, டூட்டிக்கு நேரமாச்சு. பிறகு சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார், பத்திரமாக இருக்கிறது என்று.

சாயங்காலம் இடைவேளையில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னணியில் தறிச் சத்தம் இல்லை, நிறுத்திவிட்டுப் பேசினாள். நைனா வந்ததும் நேராக அத்தை வீட்டுக்குப் போய்ப் பஞ்சைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அத்தை நூலைப் பார்த்துவிட்டு, "வாயிலயே வேட்டி நெய்ய ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லையாம்.

"அவரு நூலைக் கடிக்கறது உனக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

"தெரியாம இன்னா? எப்பவும் கடிச்சிக்கினுதான் கீறாரு. நானும்தான் கடிக்கறன். கத்திரிக்கோலு எங்க தேடறது? நூலு வாயில இருக்கறது ஒரு விஷயமா, உங்கிட்ட சொல்றதுக்கு?"

அம்மா சொன்னது சரி. நானும் அந்தக் கொட்டாயில் நூலைக் கடித்து வளர்ந்தவள்தான். மூன்று நாளும் காரணங்களை வரிசை போட்டேன். ப்ரஷ் வந்தது, மீன் முள் வந்தது, எழுதாமல் விட்டதும் வந்தது. எங்கள் எல்லோர் வாயிலும் எந்நேரமும் இருக்கிற ஒன்று மட்டும் அதில் வரவில்லை. அது இருக்கக்கூடாத பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது நைனா வாசலில் இருந்தார். தாடை வீக்கம் வடிந்து முகம் பழையபடி ஆகியிருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, என் முகத்துக்கு நேராக நீட்டினார். உள்ளே நான் வாங்கிக்கொடுத்த நூல்பெட்டி இருந்தது, பக்கத்தில் இரண்டு கிராம்பு. டப்பாவைத் தேய்த்துக் கழுவியிருந்தார், பழைய கறை தெரியாத அளவுக்கு.

"பாத்துக்கோ" என்றார். "இனிமே இதையும் காட்டிடறேன்."

நான் மூடியை எடுத்து டப்பாவை மூடி, அவர் கையிலேயே திரும்ப வைத்தேன்.

"இது வாணாம் நைனா. வாயை மட்டும் காட்டு."

திறந்தார், தொண்டை தெரிகிற அளவுக்கு. ஈறு ஆறியிருந்தது, லேசான ரோஸ் நிறத்தில் ஒரு தடம் மட்டும். அதைப் பார்த்து முடித்த பிறகும் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அவரும் மூடவில்லை. கொட்டாயிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, குரல் இல்லாமல், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

"சரி" என்றேன்.